மூன்றாவது ஆக்ஸில்

மே மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, போலாரம் ஏற்றத்தில் ராகவேந்திராவின் தண்ணீர் டேங்கர் உட்கார்ந்துவிட்டது. லோத்குண்டாவிலிருந்து மெக்கானிக் ஜெகநாதன் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது, பாரம் குறையட்டும் என்று டிரைவர் வால்வைத் திறந்துவிட்டிருந்தான். அக்கம்பக்கத்து ஜனங்கள் குடம், பக்கெட், எண்ணெய் டின் என்று கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெகநாதன் ஈரத்தைப் பார்க்காமல் அடியில் படுத்தான். இரண்டு பக்கத்துப் பின்சக்கரங்களையும் இணைக்கிற ஆக்ஸில் கூடு இடது பக்கத்தில் பிளந்திருந்தது. அதே இடத்தில் அவனே இரண்டு முறை வெல்டிங் வைத்திருக்கிறான். இப்போது பிளவுக்குள் ஒரு விரல் போனது. கியர் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு வெல்டிங் போட்டுடு ஜெகா" என்றார் ராகவேந்திரா. மாரெட்பள்ளிக்காரர். நான்கு டேங்கர் வைத்திருந்தார். எதற்கும் பொறுமை கிடையாது. "சீசன் நேரம். ரெண்டு நாள்ல வண்டி ரோட்ல இருக்கணும்."

"நக்கோ சார், வேணாம். இனிமே வெச்சா நிக்காது. ஏத்தத்துல உட்கார்ந்துச்சு, தப்பிச்சோம். எறக்கத்துல உட்கார்ந்திருந்தா? முழு ஆக்ஸில் மாத்தணும்."

"இருபத்திரெண்டு வருஷத்து வண்டி. எங்க கெடைக்கும்?"

"தேடணும்."

பழைய லாரிக்குப் பின் ஆக்ஸில் தேடுவதில் கண்ணை நம்பக்கூடாது என்பது ஜெகநாதனின் பழக்கம். ஒரே மாடல் வண்டியில்கூட வருஷத்துக்கு வருஷம் மாற்றியிருப்பார்கள். அன்று மத்தியானம் ஷெட்டில் உடைந்த ஆக்ஸிலைக் கழற்றிக் கீழே இறக்கி, ஒவ்வொன்றாக அளந்து ஓர் அட்டையில் எழுதினான். சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட் பத்து. ஸ்பிரிங் பட்டைகள் உட்காருகிற இரண்டு மேடைகளுக்கும் நடுவே நாற்பது அங்குலம். உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் நாற்பத்தொரு பல், அதைச் சுழற்றுகிற சின்னதில் ஆறு. இந்தப் பல் கணக்குத் தவறினால் வண்டி ஓடும், ஆனால் பத்தாயிரம் லிட்டரோடு போலாரம் ஏற்றம் ஏறாது.

புதன்கிழமை இரண்டு யார்டுகளில் தேடினான். ஒன்றில் எட்டு போல்ட். மற்றதில் மேடைகளுக்கு நடுவே நாலு விரற்கடை அதிகம். வியாழக்கிழமை காலை ராகவேந்திராவே போன் செய்தார். "தூம்குண்டா தாண்டி ஒரு ஸ்கிராப் யார்டு இருக்காம். பத்து போல்ட் ஆக்ஸில் மூணு கெடக்குதாம். அங்க வேலை செய்யறவன் சொன்னான். நீ போய்ப் பாரு. தூக்கிட்டு வர்றதுக்குப் பன்னெண்டு மணிக்கு கிரேன் வண்டி அனுப்பறேன்."

ரோட்டை விட்டு உள்ளே இரண்டு கிலோமீட்டர். இருபுறமும் காய்ந்த புல். தகரத்தில் அடைத்த பெரிய வளாகம், பெயர்ப்பலகை இல்லை. கதவைத் திறந்த ஆள் ஓனர் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்தான். அவன் பார்வை மட்டும் ஜெகநாதன் போகிற பக்கமெல்லாம் திரும்பியது.

லாரி கேபின்கள் வரிசையாகக் கிடந்தன. எதிலும் நம்பர் பிளேட் இல்லை. சேசிஸ் எண் பொறித்திருக்கும் இடங்கள் எல்லாம் கேஸ் கட்டரால் சதுரம் சதுரமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. வெட்டுக்கு வந்த வண்டியில் எண்ணை எடுத்துவிடுவது வழக்கம்தான். ஆனால் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அத்தனையிலும் எடுத்திருந்ததை ஜெகநாதன் வேறெங்கும் பார்த்ததில்லை.

முதல் ஆக்ஸில் வாசலருகிலேயே இருந்தது. பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். பழைய இரும்புக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிறவனுக்கு ஒரு காரணம் இருக்கும். ஜெகநாதன் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து மேடைக்குப் பக்கத்தில் தேய்த்தான். பெயிண்ட் போனதும் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தது. நகத்தை வைத்தான், மாட்டியது. விரிசல்.

இரண்டாவதின் ஒரு பக்கத்து டிரம்மைக் கம்பி கொடுத்து அசையாமல் நிறுத்தினான். மறுபக்கத்தை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவிலுள்ள சின்னப் பல்சக்கரமான பினியன் எத்தனை சுற்று வருகிறது என்று சாக்பீஸ் குறி வைத்து எண்ணினான். ஐந்தரை. சமவெளிக்குச் சரி, இந்த ஊர் மேடு பள்ளத்துக்கு உதவாது.

மூன்றாவது பின்னால், தகரங்களுக்கு அடியில் கிடந்தது. ஒரு பக்கம் தீப்பட்டுக் கறுத்திருந்தது, பழைய கிரீஸ் கருகிக் கெட்டியாகி இருந்தது. தகரங்களை விலக்கி, வளைவு இருக்கிறதா என்று நூல் கட்டிப் பார்த்துவிட்டு அளந்தான். பத்து போல்ட். நாற்பது அங்குலம். டிரம்மைச் சுற்றினான். பினியன் ஆறு சுற்று முழுதாக வந்து, ஏழாவது முடியக் கொஞ்சம் இருக்கும்போது நின்றது. நாற்பத்தொன்றுக்கு ஆறு. இரண்டு நாள் அலைச்சல் தீர்ந்தது என்று மூச்சு விட்டான்.

உள்ளே ஆயிலில் இரும்புத் தூள் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடியில் கையை விட்டு ஆயில் வடிக்கும் பிளக்கைத் தேடினான். கண்ணுக்கு முன் கை கண்டுகொண்டது. இரும்புப் பிளக் ஆறு பட்டையாக இருக்கும், இது நாலு பட்டை. துணியால் துடைத்தான். கரிக்கு அடியில் மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது.

ஜெகநாதன் மெதுவாக ஆக்ஸிலின் மேல்பக்கம் வந்தான். காற்றுப் போக்கிக்குப் பதிலாக ஒரு செப்புக் குழாய், தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. இடது மேடைக்குப் போனான். நடு போல்ட் உட்காரும் துளையைச் சுற்றி வளையமாக ஒரு வெல்டிங், இடது கை வாகில் போட்டது. ஜெகநாதன் இடதுகைக்காரன் இல்லை. ஆனால் அன்று வலது மணிக்கட்டில் கட்டு இருந்ததால் இடது கையால்தான் போட்டான்.

மூன்று வேலையும் அவனுடையது. ஒரே நாளில், ஒரே லாரிக்குச் செய்தது. அவன் தங்கை காஞ்சனாவின் புருஷன் குணசேகரனின் லாரி.

இரண்டரை வருஷத்துக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில், குணசேகரன் சர்லாபள்ளியில் செப்புக் கேபிள் ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குக் கிளம்பினான். காமாரெட்டி டோல்கேட்டை அந்த வண்டி தாண்டவே இல்லை. போன் அணைந்துவிட்டது. சரக்குக்காரர் பிராது கொடுத்தார். லாரியையும் செப்பையும் விற்றுவிட்டு ஓடிவிட்டான் என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். யாரோ ஒரு பொம்பளையோடு ஷோலாப்பூரில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். அதன் பிறகு சொந்தக்காரர்களே காஞ்சனாவை விசேஷங்களுக்கு அழைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். மகள் ஹம்ஸினி அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள்.

திருடனாக எங்கோ உயிரோடு இருக்கிறான் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். லாரி இங்கே துண்டாகக் கிடக்கிறது என்றால் அவன் ஓடவில்லை. ஓடவில்லை என்றால் எங்கேயும் இல்லை.

ஜெகநாதன் போனை எடுத்து, அளவு பார்ப்பதுபோலக் குனிந்து, இரண்டு படம் எடுத்தான். நிமிர்ந்தபோது தண்ணீர்த் தொட்டி நிழலில் அந்த ஆள் இல்லை. கதவருகே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான்.

பத்து நிமிஷத்தில் ஒரு வெள்ளைக் கார் உள்ளே வந்தது. இறங்கியவரை ஜெகநாதனுக்கு நன்றாகத் தெரியும். ஸ்ரீனிவாசன். ராணிகஞ்சில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர், இருபது வருஷப் பழக்கம். அவரும் காட்பாடிப் பக்கத்துக்காரர் என்பதால் இரண்டு குடும்பத்துக்கும் ஒரு ஒட்டுதல் உண்டு. குணசேகரன் காணாமல்போன வாரம் வீட்டுக்கு வந்து காஞ்சனாவின் எதிரில் உட்கார்ந்து, லாரி நம்பரை எழுதி வாங்கிப்போனவர். "நாக்பூர் வரைக்கும் எல்லா யார்டுலயும் சொல்லிவெக்கறேம்மா. லாரி எங்க வெட்டுக்கு வந்தாலும் எனக்குத் தெரியாம போகாது" என்று சொன்னவர்.

"ஜெகா! நீயா? டேங்கர்க்காரர் ஆள் வராருன்னு மட்டும்தான் சொன்னான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். மூன்றாவது ஆக்ஸிலையும் விலக்கிய தகரங்களையும் பார்த்ததும் நடை மெதுவானது. "கடைய மூடிட்டேன், தெரியுமில்ல? இங்க மச்சினனோட சேர்ந்து சும்மா பண்றேன்."

"தெரியாதுண்ணா. யாரும் சொல்லல."

"இத ஏன் பாக்கற? தீயில பட்டது. கூடு வளைஞ்சிருக்கும். வாசல்ல இருக்குது பாரு, சுத்தமானது. அத எடுத்துக்கோ."

ஜெகநாதன் சுற்றிலும் பார்த்தான். யார்டின் நடுவில் கேஸ் சிலிண்டரும் கட்டரும் நின்றன. வேண்டாம் என்று இப்போது போய்விட்டால் மாலைக்குள் இது பத்துத் துண்டாகிவிடும். இதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஏன் என்று கேட்பார். மெக்கானிக்காகவே பேசவேண்டும், வேறு எதுவும் குரலில் வரக்கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

"நூல் கட்டிப் பார்த்தேன், வளைவு இல்ல. நாப்பத்தொண்ணுக்கு ஆறு இது ஒண்ணுதான்."

"அவ்ளோதானே? உள்ள இருக்கற கியர் செட்ட மட்டும் கழட்டிக்கோ. வாசல்ல இருக்கற கூட்டுல மாட்டிடு. எல்லாம் ஒரே சைஸ்தான்."

சரியான யோசனை. எந்த மெக்கானிக்கும் மறுக்கமாட்டான். ஜெகநாதன் வாசலுக்கு நடந்தான். ஸ்ரீனிவாசன் கூடவே வந்தார். பெயிண்ட் தேய்த்த இடத்தைக் காட்டினான்.

"நகத்த வெச்சுப் பாருங்கண்ணா."

அவர் வைத்துப் பார்க்கவில்லை. அவனையே பார்த்தார். "எங்கிட்டயே பெயிண்ட சுரண்டிப் பாக்கறியா?"

"பத்தாயிரம் லிட்டர்ண்ணா. ஸ்கூல் வாசல்ல எல்லாம் போற வண்டி. உடைஞ்சா என் பேருதான் போகும்."

அவர் திரும்பவும் பின்பக்கம் போனார். மூன்றாவது ஆக்ஸிலின் அருகே உட்கார்ந்து, அவன் துடைத்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"பித்தளை" என்றார். "யாரோ ரசிச்சு வேலை பண்ணியிருக்கான். நீ பார்த்திருக்கியா இந்த மாதிரி?"

"பார்க்கறதுதான். இரும்பு மரை தேஞ்சா பித்தளை போடுவாங்க."

"ஹவ், ஆமா. போடுவாங்க." எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "காஞ்சனா எப்படி இருக்குது? இன்னும் அந்தப் பல் டாக்டர்கிட்டதான் வேலையா? பொண்ணு காலேஜ் போகுதில்ல, சுசித்ரா ஜங்ஷன் பக்கம். எட்டு மணி பஸ்ஸு."

ஜெகநாதன் இதில் எதையும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. ஹம்ஸினி காலேஜ் சேர்ந்த பிறகு இவர் அவர்கள் வீட்டுக்கு வந்ததும் இல்லை.

"நல்லா இருக்காங்கண்ணா" என்றான்.

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. ராகவேந்திரா அனுப்பிய கிரேன் வண்டி, இரண்டு ஆட்களோடு. ஜெகநாதனின் போனில் ராகவேந்திராவே கத்தினார். "கெடைச்சுதா இல்லயா? யார்டுக்காரன்கிட்ட குடு, நான் பேசறேன்." ஜெகநாதன் போனை நீட்டினான். ஸ்ரீனிவாசன் வாங்கிக் காதில் வைத்து, கண்ணை அவன்மேலேயே வைத்துக்கொண்டு, ஆமாம் சார், நல்ல பொருள்தான் சார் என்றார். வெளியாட்கள் முன்னால் விற்க மறுக்க அவரிடம் ஒரு காரணமும் இல்லை.

சங்கிலி கட்டித் தூக்கும்போது அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "மாட்டி முடி ஜெகா. நான் ஒரு நாள் வந்து பாக்கறேன்."

ஹக்கீம்பேட்டை, போலாரம், அல்வால். வெயிலில் ரோடு வெள்ளையாகக் கண்ணைக் குத்தியது. கிரேன் வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஜெகநாதன் கண்ணாடியில் ஒரு மோட்டார்சைக்கிளைப் பார்த்தான். தூம்குண்டாவிலிருந்து அதே தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவன் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. ஷெட் வாசலில் வேப்பமரத்தடியில் ஆக்ஸிலை இறக்கும்போது, அது எதிர்ப்பக்கம் மிலிடரிச் சுவரோரமாக நின்றது. ஓட்டிவந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஆக்ஸில் இறங்கியதும் திரும்பிப் போனான்.

ஸ்டேஷனுக்குப் போகலாம். போய் என்ன சொல்வது? இது என் கை வேலை என்றால் யார் நம்புவார்கள்? அந்த வேலை முடிந்த அன்று குணசேகரன் லாரிக்கு அடியில் படுத்தபடி ஒரு படம் எடுத்துக் காஞ்சனாவுக்கு அனுப்பியது ஜெகநாதனுக்கு நினைவு வந்தது. அந்தப் படத்தில் எல்லாம் தெரியும். அது காஞ்சனாவின் போனில்தான் இருக்கிறது. ஆக, அவளிடம் சொல்லாமல் எதுவும் நடக்காது.

மாரெட்பள்ளி கிளினிக்கில் அவள் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி. நெற்றியில் வட்டமாகக் குங்குமம். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள்.

"ஹம்ஸிக்கு ஏதாவது ஆச்சா?"

"இல்லம்மா. வீட்லதான் இருக்குது, இப்பதான் போன் பண்ணேன், கதவத் தாப்பா போட்டுக்கச் சொல்லியிருக்கேன். குணா ஒரு போட்டோ அனுப்பினானே, லாரிக்கு அடியில படுத்துக்கிட்டு. வெச்சிருக்கியா?"

"எதுக்குண்ணா?"

அவள் பதிலுக்குக் காத்திராமல் போனைத் தடவிப் படத்தை எடுத்துவிட்டாள். தேடவேண்டியிருக்கவில்லை. குணசேகரன் மல்லாந்து படுத்து, முகமெல்லாம் ஆயிலோடு, ஒரு விரலால் பித்தளைப் பிளக்கைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் செப்புக் குழாய் வளைவும் தெரிந்தது. கீழே எழுதியிருந்தான்: உங்கண்ணன் என் லாரிக்கு மூக்குத்தி போட்டுட்டாரு.

ஜெகநாதன் தன் போனில் காலையில் எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்தான்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கிளினிக்குக்குள் யாரோ டோக்கன் கேட்டுக் கூப்பிட்டார்கள்.

"லாரியா?" என்றாள்.

"ஆக்ஸில் மட்டும்தான் இருக்குது. மீதியெல்லாம் வெட்டியாச்சு. எரிச்சிருக்காங்க."

"அப்போ அவரு ஓடல."

"இல்லம்மா."

"ரெண்டரை வருஷமா என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமாண்ணா? அவரு திரும்பி வந்துடக்கூடாதுன்னு. வந்தா போலீஸ் புடிச்சுடும், எங்கயோ இருக்கட்டும், இருந்தா போதும்னு." சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. "எனக்கு அதப் பாக்கணும்" என்றாள்.

லோத்குண்டாவுக்கு அவர்கள் திரும்பியபோது மணி நான்கு. ஷெட் வாசலில் ஒரு டிராக்டர் டிரெய்லர் நின்றது. அதில் வேறொரு ஆக்ஸில். வேப்பமர நிழலில், தீப்பட்ட ஆக்ஸிலின்மேல், ஸ்ரீனிவாசன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆட்கள் சங்கிலியைத் தயாராக வைத்திருந்தார்கள். ராகவேந்திராவும் அங்கேதான் நின்றிருந்தார், சந்தோஷமாக.

"ஜெகா, இவரு தங்கமான மனுஷன்யா" என்றார். "எரிஞ்சத குடுக்க மனசு வரலயாம். வேற ஒண்ணு அலைஞ்சு தேடி, அவரே ஏத்திட்டு வந்திருக்காரு. மாத்திக்கலாம்னு சொல்லிட்டேன்."

"மாத்தவேணாம் சார்."

"ஏன்யா? வண்டி என்னுது, ஆக்ஸில் என்னுது. நீ என்ன..."

காஞ்சனா நடந்துபோய் ஆக்ஸிலின் எதிரில் மண்ணில் உட்கார்ந்தாள். ஸ்ரீனிவாசன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து அடியில் கையை நீட்டி அந்தப் பித்தளையைத் தொட்டாள். பிறகு போனை ராகவேந்திராவிடம் நீட்டினாள்.

"இது என் வீட்டுக்காரர் லாரி சார். ரெண்டரை வருஷமா தேடறோம்."

ராகவேந்திரா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெள்ளைச் சட்டை அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் தரையில் முட்டிபோட்டு, ஆக்ஸிலின் அடியைப் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் அவசரம் போயிருந்தது. நேராகத் தன் காருக்குப் போய், அதை எடுத்து டிராக்டருக்கு முன்னால் குறுக்கே நிறுத்திச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். போனில் நூறை அழுத்தினார்.

டீக்கடையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டி வந்தார்கள். சங்கிலி வைத்திருந்த இரண்டு பேரும் அதைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரமாக நகர்ந்தார்கள்.

"ஜெகா, சாருக்குச் சொல்லு" என்றார் ஸ்ரீனிவாசன். குரல் தணிந்திருந்தது. "எங்கிட்ட ஆயிரம் வண்டி வரும். வந்தத வெட்டறேன். லாரிதான் எங்கிட்ட வந்துச்சு. அவன நான் ஒண்ணும் பண்ணல. அவன் வண்டியிலயே இல்ல."

காஞ்சனா அப்போதுதான் தலையை உயர்த்தி அவரைப் பார்த்தாள்.

"அவரைப் பத்தி நாங்க கேக்கவே இல்லியேண்ணா."

ஸ்ரீனிவாசன் போலீஸ் வண்டி வரும்வரை மரத்தடியிலேயே நின்றார். ஓடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு முறை போனை எடுத்து யாருக்கோ இரண்டு வார்த்தை தட்டிவிட்டு, பைக்குள் போட்டுக்கொண்டார். யாருக்கு என்று பிறகு தெரிந்தது.

இரண்டு பேர் லாரியைக் கொண்டுவந்து விட்டார்கள், டிரைவர் இல்லை, ஒன்றரை நாளில் வெட்டிமுடித்தோம், கேபினைக் கொளுத்தும்போது பக்கத்திலிருந்த ஆக்ஸிலும் தீப்பிடித்தது என்று ஸ்டேஷனில் ஸ்ரீனிவாசன் சொன்னார். காஞ்சனாவின் எதிரில் உட்கார்ந்து நம்பரை எழுதி வாங்கியபோது, லாரி வெட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. அதைத் தெரிந்துகொண்ட அன்றுதான் ஹம்ஸினி வாய்விட்டு அழுதாள். "நம்ம வீட்லயே வந்து உக்கார்ந்தாரு, மாமா. நான்தான் அவருக்குத் தண்ணி குடுத்தேன்."

மேதக் பக்கம், கைவிட்ட கல் குவாரியில் கிடைத்த ஒரு பிணத்தை, அடையாளம் தெரியாதவர் என்று அந்தக் கார்த்திகையிலேயே புதைத்திருந்தார்கள். ஹம்ஸினியின் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டு, ஆவணி மாதம் முடிவு சொன்னார்கள். குணசேகரன்தான். திருட்டுக் கேஸிலிருந்து அவன் பெயரை நீக்கிக் கடிதம் வந்தது. கடிதத்தைக் காஞ்சனா இருமுறை படித்துவிட்டு, படிக்கச் சொல்லி மாமியார் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு, இத்தனை நாள் ஒதுங்கியிருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். அவள் யாரையும் எதுவும் சொல்லவில்லை, எல்லோருக்கும் சாப்பாடு போட்டாள்.

தீப்பட்ட ஆக்ஸிலைப் போலீஸ் எடுத்துக்கொண்டதால், டேங்கருக்கு வேறு ஆக்ஸில் தேடுவது முன்பைவிடச் சிரமமாக இருந்தது. ஜெகநாதன் போன யார்டுகளில் எல்லாம் பெயரைக் கேட்டதும் பொருள் இல்லை என்றார்கள். கண்ணெதிரே கிடப்பதைக் காட்டினால் விற்றாகிவிட்டது என்றார்கள். ஒருவர் மட்டும் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துவந்து, "இந்தப் பக்கம் வராதே பாய், உன் நல்லதுக்குச் சொல்றேன்" என்றார். கடைசியில் ராகவேந்திராவே அட்டையை எடுத்துக்கொண்டு கர்நூல் வரை போய், போல்ட்டை எண்ணி, டிரம்மைச் சுற்றிப் பார்த்து, சரியானதை வாங்கிவந்தார். கையெல்லாம் கிரீஸ். அதைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை.

ஸ்ரீனிவாசன் மூன்று மாதத்தில் ஜாமீனில் வந்துவிட்டார். தூம்குண்டா யார்டு மச்சினன் பெயரில் திறந்தே இருக்கிறது. லாரியைக் கொண்டுவந்த இருவரில் ஒருவன் நிஜாமாபாத்தில் அகப்பட்டான். மற்றவன், அன்று மரத்தடியிலிருந்து சேதி போனவன், கிடைக்கவில்லை. அவனுக்கு மூன்று பெயர் சொல்கிறார்கள். ஸ்டேஷனில் அவன் படம் இல்லை.

ஹம்ஸினியை ஜெகநாதனே ஸ்கூட்டரில் காலேஜில் விட்டுக் கூட்டிவருகிறான். ஷெட்டை மூடிவிடச் சொல்லிக் காஞ்சனா கெஞ்சினாள். மூடினால் வேறு என்ன தெரியும் எனக்கு என்று கேட்டுவிட்டான்.

போன வாரம் ஒரு முற்பகலில், வெளியூர்ப் பதிவெண் கொண்ட ஒரு லாரி ஷெட் முன்னால் வந்து நின்றது. டிரைவர் இறங்கவில்லை. ஜன்னலில் கையை வைத்து, உள்ளே கிடப்பதை எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஆக்ஸில் வேலையெல்லாம் இங்க நீங்கதான் பண்றதா?"

ஜெகநாதன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"நான்தான்" என்றான். "எறங்கி வாங்க. மொதல்ல உங்க பேரச் சொல்லுங்க."